பாதித் தீவனம் மிச்சமிருக்க வேண்டிய நாள்: அயர்லாந்தின் பிப்ரவரியும் பிரிஜிட்டும்

அயர்லாந்துக்காரர்களிடம் வசந்தம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் தயக்கமின்றி பிப்ரவரி 1 என்பார்கள். வானிலைத் துறை மார்ச் 1 என்று கணக்கிடுகிறது. பள்ளியிலும் வீட்டிலும் கற்ற மரபுக் கணக்கு அதற்கு ஒரு மாதம் முந்தியது. டப்ளினில் அந்த நாளின் பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். வயல்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். மரங்களில் ஓர் இலைகூட இராது. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அது குளிர்காலத்தின் நடுப்பகுதிதான். அப்படியிருந்தும் ஒரு சமூகம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாளை வசந்தத்தின் வாசல் என்று சொல்லி வருகிறதென்றால், அதற்குக் காரணம் வானத்தில் இல்லை, தொழுவத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

அந்த நாளுக்குப் பழைய பெயர் இம்போல்க். கிறித்துவ நாட்காட்டியில் அது புனித பிரிஜிட்டின் திருநாள். 2023 முதல் அயர்லாந்து அரசு அதைப் பொதுவிடுமுறையாக்கியிருக்கிறது. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த முதல் பொதுவிடுமுறை இதுதான். பிரிஜிட் மடம் நிறுவிய கில்டேர் மாவட்டத்தில் நான் குடியிருப்பதால், விடுமுறை வந்த பிறகு ஊரில் பேச்சு எப்படி மாறியது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். கடைச் சுவரொட்டிகளில் ‘தேவி பிரிஜிட்’ என்ற பெயர் பெருகியது. தேவாலயத்துக்குச் செல்லும் முதியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவள் தேவியா புனிதையா, இது யாருடைய நாள் என்று வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. எனக்கு அந்த விவாதத்தில் ஒரு மனக்குறை உண்டு. இந்த நாளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த சிற்றூர்ப் பெண்களும், அவர்கள் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பதும் அதில் பேசப்படவே இல்லை.

ஜனவரி 31 மாலை ஓர் அயர்லாந்து உழவர் வீட்டில் முதலில் நடந்தது பூசையோ செபமோ அல்ல, இருப்புச் சோதனை. உலர்புல் போரில் எவ்வளவு இருக்கிறது, உருளைக்கிழங்குக் குழியில் எவ்வளவு இருக்கிறது, தானியம் எவ்வளவு தங்கும் என்று குடும்பத் தலைவர் பார்ப்பார். கால்நடைத் தீவனத்தில் பாதியாவது அன்று மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் பிப்ரவரி முதல் வாரத்தைப் பற்றி இதே பாதிக் கணக்கைச் சொல்லும் பழமொழிகள் உண்டு. புல் தழைக்க மண்ணுக்குக் குறைந்தது ஐந்தாறு டிகிரி வெப்பம் வேண்டும். அயர்லாந்தில் அது நிலைப்பட மார்ச் கடைசியோ ஏப்ரலோ ஆகிவிடும். நவம்பரில் தொழுவத்தில் அடைத்த மாடு ஏப்ரல் வரை உள்ளேயே நின்று தின்ன வேண்டும். ஆகவே பிப்ரவரி 1 என்பது குளிர்காலத் தீவனக் கணக்கின் சரிபாதிப் புள்ளி. பாதி இருந்தால் கரை ஏறிவிடலாம். இல்லையென்றால் எந்த மாட்டை விற்பது, எதைப் பட்டினி போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

பால் கணக்கும் அதே புள்ளியில்தான் வந்து நின்றது. பழைய அயர்லாந்து பாலை உண்டு வாழ்ந்த நாடு. உருளைக்கிழங்கு வந்து சேர்வதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, மோர் ஆகிய வெள்ளை உணவுகளே கோடையின் முதன்மை உணவு. மனிதரின் தகுதியையும் தண்டத்தொகையையும் பசுக்களின் எண்ணிக்கையில் அளந்த சட்டங்கள் அங்கே இருந்தன. அத்தகைய நாட்டில் குளிர்காலம் என்றால் பசுக்கள் பால் மறுத்துவிடும் காலம். பெட்டியில் இருக்கும் உப்பிட்ட வெண்ணெய் கரைந்துகொண்டே வரும். அந்த வறட்சியை முதலில் உடைப்பவை செம்மறியாடுகள். பிப்ரவரி பிறக்கும்போது சினையாடுகளுக்கு மடி இறங்கத் தொடங்கும். முதல் குட்டிகள் விழும். வீட்டுக்குப் புதுப்பால் வரும். எமரை மணக்க வரும் வீரன் கூகுல்லினைப் பற்றிய இடைக்காலக் கதையொன்றில் எமர் ஆண்டின் நான்கு கணுக்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறாள். அங்கே இம்போல்க்குக்குத் தரப்படும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: வசந்தத் தொடக்கத்தில் ஆடுகளைக் கறக்கும் காலம். தெய்வத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. இந்நாளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது என்பதால், நான் அதற்கு மிகுந்த எடை கொடுக்கிறேன்.

இனி அந்த மாலைச் சடங்குக்கு வருகிறேன். அல்ஸ்டர் பகுதியில் அது இப்படி நடந்தது. பொழுது சாய்ந்ததும் வீட்டுப் பெண்களில் ஒருத்தி வெளியே போய், நம் பாய்க்கோரையை நினைவூட்டும் ஈரநிலப் புல் ஒரு கட்டை எடுத்து வருவாள். கதவு சாத்தியிருக்கும். உள்ளே குடும்பம் முழுவதும் கூடியிருக்கும். வெளியே நிற்பவள், ‘முழந்தாளிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்’ என்று உரக்கச் சொல்வாள். உள்ளிருந்து ‘வருக, வருக’ என்று பதில் வரும். இப்படி மூன்று முறை நடந்த பிறகே கதவு திறக்கும். கோரைக் கட்டு மேசைக்கு அடியிலோ மேசை மீதோ வைக்கப்படும். அதன் மேல் இரவு உணவுச் சட்டி வைக்கப்படும். மசித்த உருளைக்கிழங்கின் நடுவில் குழி பறித்து அதில் வெண்ணெய் உருகவிட்டு எல்லோரும் உண்பார்கள். வழக்கமாகச் சந்தைக்குப் போகும் வெண்ணெய் அன்று வீட்டுக்காரர்களின் வயிற்றுக்குப் போகும். ஏழை அண்டை வீட்டாருக்கு வெண்ணெயோ மோரோ கொடுத்தனுப்புவதும் அன்றைய முறை. உணவு முடிந்த பிறகு, அதே கோரையை எடுத்துச் சிலுவை முடைய உட்காருவார்கள்.

அந்தச் சிலுவையை முடையும் முறையை என் பிள்ளையின் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கிருந்து நானும் கற்றுக்கொண்டேன். கோரையை அறுக்கக் கூடாது, வேரோரத்தில் பிடித்துப் பிடுங்க வேண்டும் என்பது முதல் விதி. இரும்பு படக் கூடாது என்று முதியவர்கள் சொல்வார்கள். ஒரு கோரைத் தாளை நிமிர்த்திப் பிடிக்கிறோம். இரண்டாவதை நடுவில் மடித்து அதன் மேல் வலப்பக்கம் நீளுமாறு மாட்டுகிறோம். மொத்தத்தையும் கால் சுற்று இடப்புறம் திருப்புகிறோம். மூன்றாவதை மடித்து, இப்போது மேல்நோக்கி நிற்கும் தாளின் குறுக்கே வலப்பக்கமாகவே மாட்டுகிறோம். மீண்டும் கால் சுற்று. இப்படியே போகப் போக நடுவில் ஒரு சதுரம் தடித்து வளரும். நான்கு கைகளும் நேர்க்கோட்டில் சந்திக்காமல் சற்று விலகி, சுழல்வது போன்ற தோற்றத்தோடு நிற்கும். கட்டைவிரலால் நடுவை இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும்; ஒரு கணம் தளர்த்தினால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். கோரை ஈரமாக இருந்தால்தான் ஒடியாமல் மடியும். காயும்போது அது சுருங்கும், ஆகவே முனைகளை நூலால் நன்றாக இறுக்கிக் கட்ட வேண்டும். பச்சையாக இருந்த சிலுவை சில வாரங்களில் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும்.

முடிந்த சிலுவையைக் கூரையின் உட்புற உத்திரத்தில் செருகுவார்கள். தீயும் இடியும் பசியும் அண்டாது என்பது நம்பிக்கை. தொழுவத்துக்குத் தனியாக ஒன்று. சில ஊர்களில் அதற்கு மூன்று கைகள் மட்டுமே. பழையதை எடுத்துவிடாமல் ஆண்டுதோறும் பக்கத்திலேயே புதியதைச் செருகிய வீடுகளும் இருந்தன. அடுப்புப் புகையில் கறுத்த சிலுவைகளை வரிசையாக எண்ணினால் அந்தக் குடும்பம் அந்தக் கூரைக்குக் கீழ் எத்தனை குளிர்காலங்களைத் தாண்டியது என்று தெரியும். மேயோ மாவட்டத்தில் காசில்பார் அருகே டர்லோ பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவில் இத்தகைய சிலுவைகளின் பல வடிவங்களைக் காணலாம். நான்கு கை வடிவம் இன்று நாட்டின் அடையாளம் போலாகிவிட்டதற்கு, தேசியத் தொலைக்காட்சி 1960களில் இருந்து பல பத்தாண்டுகள் அதையே தன் சின்னமாக வைத்திருந்ததும் ஒரு காரணம்.

மற்ற வழக்கங்களில் பல வீட்டு வாசலிலேயே நிகழ்பவை. ஒரு துண்டுத் துணியையோ நாடாவையோ அன்று மாலை சன்னல் விளிம்பில் அல்லது வேலிச் செடியில் போட்டுவைப்பார்கள். இரவில் ஊரைச் சுற்றி வரும் பிரிஜிட் அதைத் தொடுவாள் என்று நம்பிக்கை. காலையில் பனிநீரில் நனைந்த அந்தத் துணி ஆண்டு முழுவதற்குமான மருந்து: தலைவலிக்கு நெற்றியில் கட்டுவார்கள், பிரசவத்தில் தவிக்கும் பெண்ணின் மேல் போர்த்துவார்கள், கன்று போட முடியாமல் திணறும் பசுவின் முதுகில் விரிப்பார்கள். மனிதத் தாய்க்கும் பசுவுக்கும் ஒரே துணி என்பதைக் கவனிக்க வேண்டும். கால்வேயிலும் கொனமாராவிலும் வைக்கோல் பிரியால் பெரிய வளையம் ஒன்று செய்து, அதில் சிறு சிலுவைகளைக் கட்டி, வீடு வீடாக எடுத்துப் போவார்கள். வீட்டார் ஒவ்வொருவராக அதனுள் நுழைந்து வெளியே வருவார்கள். கடற்கரை ஊர்களில் அன்று சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்கி வந்து வீட்டின் நான்கு மூலைகளிலும் வைத்தார்கள். கடலையே நம்பியிருந்த வீட்டில் இருப்பு குறையாதிருக்க அது வேண்டுதல்.

கெர்ரியில் இளைஞர்கள் கூம்பு வடிவ வைக்கோல் தொப்பிகளால் முகத்தை மறைத்து, வெள்ளை உடையணிந்து, பிரிஜிட்டின் உருவப் பொம்மை ஒன்றை ஏந்தி வீடு வீடாகப் போய் ஆடிப் பாடுவார்கள். வேறு ஊர்களில் இதைச் சிறுவர் சிறுமியரே செய்தார்கள். பொம்மை பெரும்பாலும் துணி சுற்றிய வெண்ணெய் கடையும் மத்தாகவோ துடைப்பக் கட்டையாகவோ இருக்கும். கில்லார்கலின் பக்கத்தில் இந்த வழக்கம் இன்றும் ஊர்த் திருவிழாவாக நடக்கிறது. அன்று சக்கரம் சுற்றக் கூடாது என்ற தடையும் பரவலாக இருந்தது. நூற்கும் இராட்டை, வண்டி, மாவு அரைக்கும் கல் எதுவும் அசையாது. இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். அவற்றில் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. ஆனால் குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக இராட்டை சுற்றிய பெண்களுக்கு அந்த ஒரு நாள் ஓய்வாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடிஸ் தீவுகளிலும் அயர்லாந்தின் பழைய மொழியான கேலிக், அதே பிரிஜிட். 1703இல் வெளியான மார்ட்டின் மார்ட்டினின் பயணக் குறிப்புகள் அங்கே நடந்ததை விவரிக்கின்றன. பெண்கள் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றுக்குப் பெண்ணுடை அணிவித்து, ஒரு பெரிய கூடையில் படுக்கவைத்து, அருகில் ஒரு தடியையும் வைத்து, அதைப் பிரிஜிட்டின் படுக்கை என்பார்கள். ‘பிரிஜிட் வந்தாள், பிரிஜிட்டுக்கு வரவேற்பு’ என்று மூன்று முறை கூவிவிட்டு உறங்கப் போவார்கள். காலையில் எழுந்ததும் அடுப்புச் சாம்பலைப் பார்ப்பார்கள். அந்தத் தடியின் பதிவு சாம்பலில் தெரிந்தால் அந்த ஆண்டு விளைச்சல் செழிக்கும், தெரியாவிட்டால் கெடுகுறி. கதிர்க்கட்டு, கூடை, சாம்பல் எல்லாமே வீட்டுக்குள் கைக்கெட்டும் பொருள்கள். இந்தச் சடங்குக்குக் குருமார் தேவைப்படவில்லை, கோயில் தேவைப்படவில்லை. அடுப்பைக் காப்பவர்கள் யாரோ அவர்களே இதை நடத்தினார்கள்.

வானிலைக் குறிகளிலும் இதே கவலைதான் பேசுகிறது. கல்யாக் என்று ஒரு கிழவி குளிர்காலத்தை ஆள்கிறாள். அயர்லாந்தின் பேரா தீபகற்பத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பாறை ஒன்று அவளது உறைந்த உருவம் என்று காட்டப்படுகிறது, வருவோர் அதன் இடுக்குகளில் நாணயங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பிப்ரவரி 1இல் அவளது விறகு தீர்ந்துபோகும். குளிர்காலத்தை நீட்டிக்க நினைத்தால், விறகு பொறுக்குவதற்காக அன்று வெயிலடிக்கச் செய்வாள். மழையும் காற்றுமாக இருந்தால் அவள் தூங்கிவிட்டாள், குளிர் விரைவில் தொலையும் என்று பொருள். ஆக, அன்று நல்ல வெயில் வருவது கெட்ட செய்தி. குளிரை ஆள்பவளுக்கும் விறகுக் கணக்கு உண்டு என்று கற்பனை செய்த மக்கள், தங்கள் வீட்டு நிலைமையைத்தான் அவள் மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

அன்று வளையை விட்டு வெளியே வரும் முள்ளெலியைப் பார்ப்பது அயர்லாந்தில் நற்குறி. ஜெர்மனியில் இதே வாரத்தில் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கைக் கவனித்தார்கள். அங்கிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்கள் அங்கே கிடைத்த கிரவுண்ட்ஹாக் என்னும் வளைவாழ் கொறிவிலங்கை அதன் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஹாலிவுட் வழியாக உலகறிந்த பிப்ரவரி 2ஆம் தேதி விழா அப்படிப் பிறந்ததுதான். ஸ்காட்லாந்துப் பாடல்களில் பிரிஜிட்டின் நாளில் புற்றிலிருந்து வெளிவருவது பாம்பு. அயர்லாந்திலோ பாம்பே கிடையாது. ‘என் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் நல்ல வானிலை’ என்று பிரிஜிட் வாக்களித்ததாக அயர்லாந்து வழக்கு. மார்ச் 17இல் புனித பாட்ரிக் வந்து, ‘என் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நல்ல வானிலை’ என்பார். வாக்குறுதியில்கூடப் பிரிஜிட் பாதிதான் தருகிறாள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தீவனத்தில் பாதி, நல்ல நாட்களில் பாதி. பிப்ரவரியை வாழ்ந்து பார்த்தவர்கள் மட்டுமே அப்படி அளந்து நம்பிக்கை வைக்க முடியும்.

பிரிஜிட் யார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். கி.பி. 900ஐ ஒட்டி, மன்ஸ்டரின் அரசரும் ஆயருமான கோர்மாக்கின் பெயரால் வழங்கும் சொற்களஞ்சியம் ஒன்றில், பிரிஜிட் என்பவள் டக்டா என்னும் தெய்வத்தின் மகள், புலவர்கள் வழிபட்ட தேவி, மருத்துவத்துக்கும் கொல்லுத்தொழிலுக்கும் உரிய அவளது இரு சகோதரியருக்கும் அதே பெயர் என்று எழுதப்பட்டிருக்கிறது. தேவியாக அவளைக் குறிப்பிடும் நேரடியான பழைய சான்று பெரும்பாலும் இந்தச் சில வரிகள்தான். எழுதியவர்கள் கிறித்துவர்கள், அயர்லாந்து கிறித்துவத்துக்கு மாறி அப்போது சில நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் குறிப்பு அவளைப் பிப்ரவரி 1உடன் இணைக்கவும் இல்லை, ஆட்டுப்பாலைப் பற்றிப் பேசவும் இல்லை.

புனிதையைப் பற்றிய சான்று அதைவிடப் பழையது. கில்டேர் மடத்தைச் சேர்ந்த கோகிடோசுஸ் 7ஆம் நூற்றாண்டிலேயே அவளது வாழ்க்கையை லத்தீனில் எழுதிவிட்டார். அவள் 524ஐ ஒட்டி இறந்ததாக மரபு; அதன்படி 2024இல் 1500ஆம் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டது. கோகிடோசுஸ் சொல்லும் அற்புதங்களை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கடைந்த வெண்ணெயை அவள் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். பாத்திரம் மறுபடி நிறைகிறது. விருந்தினர் வந்துவிட்டார்கள் என்பதற்காக ஒரே பசுவை ஒரே நாளில் மூன்று முறை கறக்கிறாள், பால் வருகிறது. சமைத்த இறைச்சியை நாய்க்குப் போட்டுவிடுகிறாள். சட்டியில் அளவு குறையவில்லை. தண்ணீரைப் பியராக மாற்றுகிறாள். சற்றுப் பிந்திய வாழ்க்கை வரலாறு ஒன்று, அடிமைப் பெண்ணான அவளது தாய் விடியற்காலையில் பால் கலயத்தோடு திரும்பும்போது ஒரு கால் வாசலுக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்த நிலையில் அவளைப் பெற்றாள் என்றும், குழந்தையை அந்தப் பாலில் கழுவினார்கள் என்றும் கூறுகிறது. மறையுரை ஆற்றி மன்னர்களை மனம் திருப்புவதைவிட, தீர்ந்த இருப்பை நிரப்புவதே இவளுடைய அற்புதம். பிப்ரவரி தொடக்கத்தில் உலர்புல் போரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம் வேறு எந்தப் புனிதையைக் கூப்பிடும்?

கில்டேரின் அணையா நெருப்பைப் பற்றி 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியவர் வேல்ஸைச் சேர்ந்த ஜெரால்டு என்னும் குருவானவர். பத்தொன்பது துறவியர் இரவுக்கு ஒருவராக நெருப்பைப் பேணுகிறார்கள். இருபதாம் இரவில் அவர்களுள் கடைசியானவர் விறகை அடுக்கிவைத்துவிட்டு, ‘பிரிஜிட், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்லிப் போய்விடுகிறார். காலையில் விறகு எரிந்திருக்கும், நெருப்பு அணைந்திராது. அதை வாயால் ஊதக் கூடாது. துருத்தியாலும் முறத்தாலும் மட்டுமே விசிற வேண்டும். சுற்றிலும் உள்ள வேலியை ஆண்கள் தாண்டக் கூடாது. இவ்வளவு காலம் எரிந்தும் சாம்பல் கூடவில்லை. இந்த விவரங்களைப் படிக்கும் எவருக்கும் கிறித்துவத்துக்கு முந்திய நெருப்பு வழிபாடு ஒன்று நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. இருந்தாலும் 7ஆம் நூற்றாண்டில் தன் மடத்தை அவ்வளவு பெருமையோடு வருணித்த கோகிடோசுஸ் இந்த நெருப்பைக் குறிப்பிடவில்லை. அது பழங்காலத்தின் எச்சமாக இருக்கலாம், மடத்திலேயே பின்னர் தோன்றியதாகவும் இருக்கலாம். 1993இல் பிரிஜிட்டின் பெயரைத் தாங்கிய அருட்சகோதரியர் சபையினர் கில்டேர் சதுக்கத்தில் அந்த நெருப்பை மீண்டும் ஏற்றினார்கள். 2006 பிப்ரவரி 1இல் குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸ் அங்கே நிலையான சுடரை ஏற்றிவைத்தார்.

டாரா மலையில் பிணையாளர் மேடு என்று பெயர்பெற்ற கல்லறை மேடு இருக்கிறது. கி.மு. 3000ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அதன் குறுகிய வழிக்குள், நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் உதயச் சூரியனின் ஒளி நுழைகிறது. இதை வைத்துக்கொண்டு இம்போல்க் ஐயாயிரம் ஆண்டு பழைமையுடையது என்று எழுதுகிறார்கள். அந்த மேட்டைக் கட்டியவர்கள் பேசிய மொழி நமக்குத் தெரியாது. கேலிக் மொழி அந்தத் தீவுக்கு வந்தது அதற்கு மிகப் பின்னரே. இரண்டையும் ஒரே விழா என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. இன்று கிறித்துவத்துக்கு முந்திய வழிபாட்டை மீட்டெடுக்க முயலும் நவீன பேகன் சமயத்தவர் எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச் சக்கரத்தில் இம்போல்க்கைச் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருவானது. அவர்களது பக்தி உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். பழைமை என்ற சான்றிதழ் இல்லாமலே ஒரு பக்தி நிற்க முடியும்.

இந்த அக்கறையோடுதான் சிலுவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாகும் தறுவாயில் இருந்த பழஞ்சமயத் தலைவன் ஒருவனின் படுக்கையருகே அமர்ந்து, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துப் பிரிஜிட் முடைந்தாள் என்று கதை. சூரியனைக் குறிக்கும் பழைய சக்கரமே இது என்று இன்னொரு சாரார் உறுதியாகச் சொல்கிறார்கள். எழுத்துச் சான்று 17ஆம் நூற்றாண்டுக்கு முன் போகவில்லை. ஆனால் ஈரமான கோரையும், பசியை அஞ்சும் வீடும், அந்த இரவும் அதற்கு மிக முன்பே இருந்தன. பழஞ்சமயம் என்று நாம் தேடுவது ஒரு தேவியின் பெயரையும் சிலையையும் கோயிலையும் என்றால், பிப்ரவரி நமக்குக் கொஞ்சமாகத்தான் தரும். வாசலில் நின்று மூன்று முறை கூவி, உணவை வரவழைத்து, பசுவையும் தாயையும் ஒரே துணியால் காக்கும் செயல்களையே சமயம் என்று ஏற்றுக்கொண்டால், அது எந்தத் திருச்சபைக்கு முன்னும் பின்னும் இடைவிடாமல் நடந்திருக்கக் கூடியது. பிரிஜிட்டின் பெயர் அதன் மேல் எப்போது வந்து அமர்ந்தது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணமானவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் தொடக்கப் பள்ளி மாணவர்களைத் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. பிறகு 1942இல், பிரிஜிட்டின் நாளுக்கென்றே தனியாக ஒரு வினாநிரலை நாடெங்கும் அனுப்பியது. கோரையைக் கொண்டுவருபவர் ஆணா பெண்ணா, கதவருகே என்ன சொல்வார்கள், மிஞ்சிய கோரையை என்ன செய்வார்கள் என்ற அளவுக்கு நுட்பமான விடைகள் குவிந்தன. மாணவர்கள் எழுதிய அந்தக் குறிப்பேடுகள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. கோடிட்ட தாளில் பிள்ளைக் கையெழுத்தில், ‘என் பாட்டி சொன்னது’ என்ற ஒப்புதலோடு அவற்றைப் படிக்கலாம். மிஞ்சிய கோரையைக் கன்றுக்குப் படுக்கையாகப் போட்டதாகவும், பசுவின் காலைக் கட்டும் கயிறாகத் திரித்ததாகவும் சொல்லும் மரபுகளைப் பார்க்கும்போது, எதுவும் வீணாகக் கூடாது என்ற அந்த வீடுகளின் சிக்கனம் புனிதப் பொருள்வரை நீண்டிருந்ததை உணர முடிகிறது.

பாதிக் கணக்கு வழக்கொழிந்துபோன பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2013இல் வசந்தம் குளிர்ந்து தாமதித்தபோது அயர்லாந்தில் தீவனம் தீர்ந்துபோய், பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் உலர்புல் இறக்குமதி செய்தார்கள். 2018இல் பிரிஜிட்டின் நாள் கடந்து நான்கு வாரங்கள் கழித்து, மார்ச் தொடக்கத்தில் எம்மா புயல் நாடெங்கும் பனியைக் கொட்டியது. ஏப்ரலிலும் வயல்கள் நனைந்தே கிடந்ததால் மாடுகளை வெளியே விட முடியவில்லை, மறுபடி தீவனக் கப்பல்கள் வந்தன. பிப்ரவரியில் வயலோரமாக நடக்கும்போது, பிளாஸ்டிக் சுற்றிய கறுப்பு உருளைகளாக அடுக்கியிருக்கும் சைலேஜை, அதாவது புளிக்கவைத்த புல் தீவனத்தை, நானும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் சாலையில் பால்மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை, பிரிஜிட்டின் நாளில் பாதி இருக்க வேண்டும் என்பதை இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ‘பார்க்காமல் எப்படி?’ என்றார். ‘இந்த வருடம் பாதிக்கு இரண்டு உருளை குறைகிறது. அடுத்த வாரம் வாங்கிவிட வேண்டும்.’